புற்றுச் செல்கள் ஒன்றுக்கொன்று உதவுமா? உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

கவிதா: மூளையே இல்லாத செல்கள் எப்படி மேடம் ஒத்துழைக்கும்?

பேசிவைத்துக்கொண்டு செய்வதில்லை, கவிதா. கட்டிக்குள் இருக்கும் செல்கள் எல்லாம் ஒரே மாதிரியானவை அல்ல. பிரிந்து பெருகும்போது ஒவ்வொரு கிளையிலும், அதாவது ஒரே செல்லின் வழிவந்த ஒவ்வொரு கூட்டத்திலும், வெவ்வேறு மரபணுப் பிறழ்வுகள் சேர்கின்றன. கட்டிக்குள் நடப்பதும் பரிணாமம்தான் என்று புற்றுநோய் ஆய்வாளர் பீட்டர் நோவெல் 1976-லேயே எழுதினார். ஒரு கிளை சுரக்கும் வளர்ச்சிக் காரணி (செல்லை வளரத் தூண்டும் பொருள்) பக்கத்துக் கிளைக்கும் போய்ச் சேருகிறது. சேர்ந்திருப்பவை பிழைத்துப் பெருகுகின்றன, அவ்வளவுதான். தேவையான எல்லாப் பிறழ்வுகளும் ஒரே செல்லில் கூட வேண்டியதில்லை, ஆளுக்குக் கொஞ்சம் வைத்துக்கொண்டு சுரப்பதைப் பகிர்ந்தாலே போதும் என்ற கருத்தை 2006-ல் ராபர்ட் ஆக்சல்ராட், டேவிட் ஆக்சல்ராட், கென்னத் பியன்டா என்ற ஆய்வாளர்கள் மூவரும் முன்வைத்தார்கள்.

செந்தில்: இதைச் சோதனையில் காட்டியிருக்கிறார்களா, வெறும் கருத்துதானா?

காட்டியிருக்கிறார்கள். எனக்கு மிகவும் பிடித்தது 2014-ல் நேச்சர் இதழில் வந்த எலி ஆய்வு. மார்பகக் கட்டியில் இரண்டு கிளைகள். ஒன்றில் செல் வளர்ச்சியைத் தூண்டும் ஹெச்-ராஸ் மரபணு பிறழ்ந்திருந்தது, ஆனால் விண்ட்-1 என்ற சமிக்ஞைப் புரதம் மிகக் குறைவு. மற்றது விண்ட்-1 சுரக்கும், அதில் ராஸ் பிறழ்வு கிடையாது. வேறு எலிக்கு மாற்றியபோது, இரண்டும் சேர்ந்திருந்தால்தான் கட்டி நன்றாக வளர்ந்தது. அப்புறம் விண்ட்-1 சுரப்பை நிறுத்திப் பார்த்தார்கள். விண்ட் சுரக்கும் வேறு செல்கள் கிடைத்தால், ராஸ் செல்கள் அவற்றைத் துணைக்குச் சேர்த்துக்கொண்டு மறுபடி வளர்ந்தன. துணை கிடைக்காத இடங்களிலும் பல கட்டிகள், விண்ட் செல்லுக்குள் கிளப்பும் சமிக்ஞைத் தொடரை வேறு வழியில் மீட்டுக்கொள்ளும்படி மாறித் திரும்பி வந்தன. மருந்துக்குக் கட்டுப்பட்ட நோய் ஏன் திரும்புகிறது என்று தவிக்கும் குடும்பங்களுக்குச் சொல்ல வேண்டிய விளக்கங்களில் இதுவும் ஒன்று என்று நினைக்கிறேன்.

நஸ்ரீன்: சுரக்காமலே அனுபவிக்கும் செல்கள் பெருகி, கட்டியே சரிந்துவிடாதா?

அப்படி நடந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்! மார்கோ ஆர்கெட்டியின் குழு 2015-ல் ஐஜிஎஃப்-2 என்ற வளர்ச்சிக் காரணியைச் சுரக்கும் கணையப் புற்றுச் செல்களையும் சுரக்காதவற்றையும் கலந்து வளர்த்தது. சுரக்காதவற்றுக்குச் செலவு மிச்சம், அதனால் முந்தும். ஆனால் அவை மிஞ்சிப் போனால் காரணியே போதாமல் போகும், அந்தச் சாதகமும் போய்விடும். ஆகவே சில நிலைமைகளில் இரண்டுமே நிலைத்துவிடுகின்றன.

தாமஸ்: உடலில் பரவும்போதும் கூட்டமாகத்தான் போகுமா?

பெரும்பாலும் தனித்தனியாகத்தான். கொத்தாகப் போவது அரிது, ஆனால் ஆபத்து அதில்தான் அதிகம். 2014-ல் எலிகளில் செய்த மார்பகப் புற்று ஆய்வில், கொத்துகளுக்கு வேறு உறுப்பில் வேரூன்றும் திறன் தனிச் செல்லைவிட 23 முதல் 50 மடங்கு இருந்தது. செல்களைப் பிணைக்கும் பிளாகோகுளோபின் புரதத்தைக் குறைத்தால் பரவலும் குறைந்தது.

மீனாட்சி: இதய மருந்தான டைகாக்சின் இந்தக் கொத்துகளைக் கலைக்கும் என்று படித்தேன். அம்மாவுக்கு மார்பகப் புற்று. வாங்கித் தரலாமா?

வேண்டாம்மா. 2025-ல் வெளியான அந்தச் சோதனை 9 பேரிடம் நடந்தது. கொத்துகளின் அளவு ஓரளவு குறைந்தது உண்மை. ஆனால் ஆயுள் கூடுமா என்று பார்க்கும் சோதனை அல்ல அது. டைகாக்சினில் மருந்தளவுக்கும் நச்சளவுக்கும் இடைவெளி மிகக் குறைவு. சிறுநீரகம் தளர்ந்தவர்களுக்கு இன்னும் ஆபத்து, இதயத் துடிப்பே தாறுமாறாகலாம். அம்மா சேரக்கூடிய மருத்துவச் சோதனை ஏதாவது நடக்கிறதா என்று அவரைப் பார்க்கும் மருத்துவரிடம் கேளுங்கள். இப்போதைய சிகிச்சையை மட்டும் எதற்காகவும் நிறுத்தாதீர்கள்.