ஒரே மேய்ச்சல் நிலத்தில் இருவர் அளந்தால் புல் கணக்கு ஏன் மாறுகிறது?

ராமநாதபுரம் கடற்கரையில் வாலிநோக்கம் பக்கம் ஒரே மேய்ச்சல் தரிசை இருவர் அளந்து, ஒருவர் கணக்கு இரு மடங்காக வந்தது ஏன் என்று கேட்டிருக்கிறீர்கள். யாரும் தப்பாக எண்ணியிருக்க வேண்டியதில்லை. அளந்த முறையே காரணமாக இருக்கலாம்.

நம் கடற்கரையில் செடிகள் சீராகப் பரவி இருப்பதில்லை. மணல் மேட்டில் ராவணன் மீசை, உவர்ப் பள்ளத்தில் உமரி, நடுவே திட்டுத் திட்டாக அருகம்புல். புல் அளக்கத் தரையில் வைக்கும், பக்கத்துக்கு அரை மீட்டர் உள்ள சதுரச் சட்டத்தை வைத்தால் வெறும் மணலோ முழுத் திட்டோதான் சிக்கும். அதில் வெட்டிக் காயவைத்த புல்லின் கிராமை 40-ஆல் பெருக்கினால் ஹெக்டேருக்கு எத்தனை கிலோ என்று வரும். ஓரத்தில் நிற்கும் 10 கிராம் கொத்தை உள்ளே சேர்த்தாலே அந்தச் சட்டத்தின் கணக்கில் 400 கிலோ கூடிவிடும்! சட்டம் சிறியதாக ஆக, பரப்போடு ஒப்பிட்டால் ஓரம் அதிகம், தடுமாற்றமும் அதிகம்.

'எத்தனை சட்டங்களில் இந்தச் செடி இருந்தது' என்ற கணக்கும் அப்படித்தான். சட்டம் பெரிதானால் அது தானாக ஏறும். அதனால் வெவ்வேறு அளவுச் சட்டங்களின் எண்களை ஒப்பிடவே கூடாது.

இன்னொன்று, இலைகள் மேலிருந்து மூடும் இலைப் பரப்பை அளந்தார்களா, செடியின் அடி தரையில் பிடித்திருக்கும் தூர்ப் பரப்பையா? ஆடு மேய்ந்த மறுநாள் இலைப் பரப்பு சரிந்திருக்கும், தூர் அப்படியே இருக்கும்.

சரி, என்ன செய்யலாம்? சட்டத்தைக் கையால் வீசாதீர்கள். கண் பச்சையைத் தேடிப் போகும். கடலோரத்திலிருந்து உள்நாட்டுப் பக்கமாகக் கயிறு பிடித்து, மேடு பள்ளம் எல்லாவற்றையும் குறுக்காகக் கடந்து, சம இடைவெளியில் சட்டத்தை வைத்து அளந்து பாருங்கள். வடகிழக்குப் பருவமழை முடிந்ததும், ஆண்டுதோறும் அதே மாதத்தில்.