ஜெர்மனி விசாவும் பக்கத்துத் தோட்டமும்

ஐயா, போன வாரம் நீங்கள் காவேரிப்பட்டணத்திலிருந்து பாப்பாவோடு வந்தபோது ஏஜெண்ட் கொடுத்த நோட்டீஸைக் காட்டினீர்கள். அதில் ஒரு வரியைச் சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டிருந்தீர்கள்: ஜெர்மனியில் படித்தால் ஐரோப்பா முழுக்க வேலை, இரண்டே வருஷத்தில் பிஆர் (நிரந்தரமாகத் தங்கும் உரிமை). வெளியே கூட்டம் இருந்ததால் அன்றைக்கு விவரமாகப் பேச முடியவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

முதல் பாதி தவறு. ஜெர்மனி கொடுக்கும் தங்கும் அனுமதி ஜெர்மனிக்கு மட்டும்தான். அந்த அட்டையை வைத்து பிரான்ஸையும் நெதர்லாந்தையும் சுற்றிப் பார்க்கலாம், அதுவும் எந்த 180 நாளிலும் 90 நாள் வரைக்கும்தான். ஓசூரில் வேலை அமையாவிட்டால் அத்திப்பள்ளியைத் தாண்டி பெங்களூருவில் சேர்ந்துகொள்கிற கதை அங்கே நடக்காது. வேலை பார்க்க அந்தந்த நாட்டு அனுமதி தனியாக வேண்டும்.

இரண்டாவது பாதியில் அரை உண்மை இருக்கிறது. அந்த இரண்டு வருஷம் விமானம் ஏறிய நாளிலிருந்து ஓடுவதில்லை. பாப்பா மாஸ்டர்ஸ் முடித்ததும் வேலை தேட 18 மாதம் அனுமதி கிடைக்கும். படிப்புக்கேற்ற வேலையில் சேர்ந்து, அதற்கான அனுமதி கையில் வந்த பிறகுதான் கணக்கு ஆரம்பம். ஜெர்மனியிலேயே பட்டம் வாங்கியவர்களுக்கு 2 வருஷம், கூடவே 24 மாதம் பென்ஷன் பிடித்தம் கட்டியிருக்க வேண்டும். நல்ல சம்பளத்தில் வேலைக்குச் சேரும் பட்டதாரிகளுக்கான ப்ளூ கார்டு கிடைத்தால், ஜெர்மன் மொழியில் பி1 என்ற நடுத்தர நிலை தேறியவர்களுக்கு 21 மாதம், ஏ1 என்ற ஆரம்ப நிலை மட்டும் என்றால் 27. ஆக, படிப்பையும் சேர்த்தால் ஐந்து வருஷம் என்று மனதில் வையுங்கள். ஆங்கிலத்திலேயே படிப்பு, மொழி தேவையில்லை என்பவர் பேச்சை அந்த இடத்திலேயே நிறுத்திவிடலாம்.

பணம். முடக்கக் கணக்கில், அதாவது மாதாமாதம் கொஞ்சமாக மட்டும் எடுக்க முடிகிற வங்கிக் கணக்கில், 11,904 யூரோ காட்ட வேண்டும், நம் காசுக்கு 12 லட்சம் அளவில். அது பாப்பா பெயரில் இருக்கும் பணம், மாதம் 992 யூரோவாக அவள் செலவுக்கே திரும்பி வரும். அதைத் தன் கணக்கில் போடச் சொல்லும் ஏஜெண்டிடம் பேச்சே வேண்டாம். பகுதி நேர வேலை வருஷத்துக்கு 140 முழு நாள் அல்லது 280 அரை நாள். அதை நம்பிக் கல்விக் கடன் தவணையைக் கணக்குப் போடாதீர்கள்.

நம் ஊர்ப் படிப்புச் சான்றுகளைச் சரிபார்த்துத் தரும் ஏபிஎஸ் சான்றிதழுக்கு இப்போதே விண்ணப்பியுங்கள், அது இல்லாமல் மாணவர் விசா நகராது. பெங்களூரு பக்கம்தானே என்று அங்கே போகவும் வேண்டாம். தமிழ்நாட்டில் குடியிருப்பவர்களுக்குச் சென்னைத் துணைத் தூதரகம்தான். ஜெர்மனி போய் வீடு பிடித்ததும் இரண்டு வாரத்துக்குள் முகவரியைப் பதிய வேண்டும், அதற்கு வீட்டுக்காரர் கையெழுத்திட்ட தாள் தேவை. வாடகைக்குப் பேசும்போதே அதைத் தருவாரா என்று கேட்கச் சொல்லுங்கள். இன்னொன்று, படிப்பு அனுமதியில் இருக்கும்போது 6 மாதத்துக்கு மேல் ஜெர்மனிக்கு வெளியே இருந்தால் பொதுவாக அந்த அனுமதியே காலாவதியாகிவிடும். மாங்காய் சீசனுக்கு வந்துவிட்டுப் போகட்டும், கல்யாணம் பேசலாம் என்று வருஷக்கணக்கில் இங்கேயே நிறுத்திவிடாதீர்கள்.

அம்மா கிளம்பும்போது மெதுவாகக் கேட்டார்களே, பாப்பா நம்ம ஊர்ப் பெண்ணாகவே இருப்பாளா என்று. பிஆர் வாங்கினாலும் இந்தியப் பாஸ்போர்ட் அப்படியேதான் இருக்கும். ஜெர்மன் குடியுரிமை எடுத்தால்தான் இந்தியக் குடியுரிமை போகும், இரண்டையும் வைத்துக்கொள்ள நம் சட்டம் விடாது. அது அவள் பின்னால் முடிவு செய்ய வேண்டியது.

அப்புறம், பக்கத்துத் தோட்டம் விலைக்கு வருகிறது, பாப்பா பெயரில் வாங்கிப் போடலாம் என்றீர்களே. வெளிநாட்டில் தங்கிவிட்டவர் விவசாய நிலத்தை விலைக்கு வாங்க முடியாது, தானமாகவும் பெற முடியாது. இந்தியப் பாஸ்போர்ட் இருந்தாலும் அப்படித்தான். வாரிசுரிமையில் வரலாம். ஆகவே பத்திரத்தை உங்கள் பெயரிலோ அம்மா பெயரிலோ பதிந்துகொள்ளுங்கள். ஏபிஎஸ்ஸுக்கான மதிப்பெண் பட்டியல்களோடு திங்கட்கிழமை பாப்பாவை அனுப்புங்கள்.