பழைய கடனை முடிச்சாச்சு, அப்புறமும் பேங்க்ல லோன் இல்லைன்னா? கேள்வி பதில்

பேங்க்ல ரீடெயில் லோன் அப்ரூவல் பக்கம் பல வருஷம் வேலை பார்த்தவ நான். கடன்ல மாட்டி, கஷ்டப்பட்டு மேல வந்தவங்க திரும்ப ஒரு லோன் கேட்கும்போது முகத்துல அடிச்ச மாதிரி "நாட் எலிஜிபிள்"னு வர்றதை நிறைய பார்த்திருக்கேன், அதுல பாதி பேருக்கு ஏன்னு கூட யாரும் சொல்றதில்ல. அதனாலதான் உட்கார்ந்திருக்கேன், கேளுங்க. பான் நம்பர், லோன் நம்பர் மட்டும் யாரும் போடாதீங்க.

கேள்வி: அக்கா, 2020ல வேலை போயிடுச்சு, பர்சனல் லோன் கட்ட முடியல. 2022ல பேங்க்லயே கூப்பிட்டு செட்டில்மெண்ட் பேசினாங்க, 2.8 லட்சம் பாக்கில 1.1 லட்சம் ஒரே தடவையா கட்டிட்டேன், லெட்டரும் இருக்கு. இப்ப நல்ல சம்பளம், சிபில் ஸ்கோர் 740. ஆனா ஹோம் லோன் ரிஜெக்ட். ஸ்கோர் இருந்தா போதும்னுதானே சொல்றாங்க?

பதில்: போதாது தம்பி. ஸ்கோர்ங்கறது முதல் சல்லடை மட்டும்தான். கடனை எப்படி கட்டியிருக்கீங்கன்னு பார்த்து போடற 300ல இருந்து 900 வரைக்கும் ஒரு நம்பர், அதைத் தாண்டினதும் உள்ள இருக்கறவங்க முழு ரிப்போர்ட்டையும் திறந்து ஒவ்வொரு அக்கவுண்டா பார்ப்பாங்க. உங்க பழைய லோன்ல "செட்டில்டு"னு இருக்கும். நமக்கு அது கணக்கு முடிஞ்சதுன்னு கேட்குது, லெட்டர்லயும் "ஃபுல் அண்ட் ஃபைனல்"னு போட்டிருப்பாங்க, ஆனா லோன் கொடுக்கறவருக்கு அதோட அர்த்தம் "இவருக்கு கொடுத்ததுல 1.7 லட்சம் திரும்பி வரல"ங்கறது. முழுசா கட்டினாதான் "க்ளோஸ்டு". செட்டில்மெண்ட் பேசின ஆளு அன்னைக்கு இதை சொல்லியிருக்கணும், பெரும்பாலும் சொல்ல மாட்டாங்க, அவங்களுக்கு அந்த மாச டார்கெட். எனக்கு இதுல ரொம்ப வருத்தம் உண்டு.

கேள்வி: மேல கேட்டவர் மாதிரியேதான் நானும். "செட்டில்டு"ங்கறதை "க்ளோஸ்டு" ஆக்க வழி இருக்கா மேடம்?

பதில்: இருக்கு, ஆனா எல்லாருக்கும் அவசியமான்னு முதல்ல யோசிங்க. பழைய பேங்க்குக்கு மெயில் போடுங்க: "தள்ளுபடி பண்ண தொகையை கட்டத் தயாரா இருக்கேன், எவ்வளவுன்னு எழுத்துல கொடுங்க, கட்டினா க்ளோஸ்டுன்னு ரிப்போர்ட் பண்ணுவீங்களா"ன்னு ரெண்டையும் சேர்த்தே கேளுங்க. ரெண்டாவதுக்கு பதில் வராம காசு கட்டாதீங்க. தள்ளுபடில அசல் எவ்வளவு, வட்டி பெனால்டி எவ்வளவுன்னு பிரிச்சு கேளுங்க, அபராத வட்டியை குறைக்க சில இடத்துல ஒத்துக்குவாங்க. "எங்க புக்ல அந்த அக்கவுண்டே முடிஞ்சுது, இனிமே பணம் வாங்க முடியாது"ன்னு சொல்ற பேங்க்கும் உண்டு, அப்படின்னா அந்த பதிலையே பத்திரமா வச்சுக்கோங்க, அடுத்த இடத்துல காட்டலாம்.

கட்டும்போது லோன் அக்கவுண்ட்டுக்கு மட்டும் கட்டுங்க, ரெக்கவரி ஏஜென்ட்டோட சொந்த நம்பருக்கு ஒரு ரூபா கூட அனுப்பாதீங்க. கட்டினதும் என்ஓசி, அதாவது பாக்கி எதுவும் இல்லைங்கற லெட்டர், வாங்குங்க. உங்க கடனை பேங்க், வாராக்கடனை வாங்கி வசூலிக்கற ஏதாவது அசெட் ரீகன்ஸ்ட்ரக்‌ஷன் கம்பெனிக்கு வித்திருந்தா, என்ஓசி கொடுக்க வேண்டியதும் சிபில்ல திருத்த வேண்டியதும் அந்த கம்பெனிதான், பழைய பிராஞ்ச்சுக்கு அலையறது வீண். இது தெரியாம வருஷக்கணக்கா நடந்தவங்க இருக்காங்க. ஹோம் லோன் மாதிரி பெருசா எடுக்கப் போறவங்களுக்கு இந்த செலவு வொர்த், ஒரு நகைக்கடனுக்காக இதை பண்ண வேண்டாம்.

கேள்வி: நான் செட்டில் எல்லாம் பண்ணல, லேட்டானாலும் முழு பணமும் வட்டியோட கட்டினேன். என்ஓசி இருக்கு. ஆனா ரிப்போர்ட்ல இன்னும் ஓவர்டியூ 46,000, "ரிட்டன் ஆஃப்"னு இருக்கு. யார் கிட்ட சண்டை போடறது?

பதில்: உங்க கேஸ் ரொம்ப ஸ்ட்ராங், தைரியமா இறங்குங்க. "ரிட்டன் ஆஃப்"னா வராத கடன்னு பேங்க் தன் கணக்குல தள்ளி வச்சதுன்னு அர்த்தம். நம்ம நாட்டுல கிரெடிட் தகவல் வச்சிருக்கற கம்பெனி நாலு: டிரான்ஸ்யூனியன் சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபேக்ஸ், சிஆர்ஐஎஃப் ஹை மார்க். நாலுமே வருஷத்துக்கு ஒரு முழு ரிப்போர்ட் இலவசமா தரணும்ங்கறது ரிசர்வ் பேங்க் உத்தரவு. நாலையும் எடுங்க, ஏன்னா ஒண்ணுல சரியா இருக்கும், இன்னொண்ணுல தப்பா இருக்கும், உங்க அப்ளிகேஷனை பார்க்கறவர் எதை எடுப்பார்னு தெரியாது.

தப்பு இருக்கற கம்பெனி வெப்சைட்ல டிஸ்ப்யூட் (இது தப்புங்கற புகார்) போடுங்க, அதே நாள்ல கடன் கொடுத்த பேங்க்குக்கும் என்ஓசியோட மெயில். பியூரோ, அதாவது இந்த கிரெடிட் தகவல் கம்பெனி, தானா எதையும் மாத்தாது, பேங்க் சரின்னு சொன்னாதான் மாத்தும். மொத்தம் 30 நாள்ல முடிக்கணும், அதுல பேங்க்குக்கு 21 நாள். 30 நாள் தாண்டினா ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபா உங்களுக்கு நஷ்ட ஈடு தரணும், 2024 ஏப்ரல்ல இருந்து இது நடைமுறைல இருக்கு. நூறு ரூபா பெரிசில்ல, ஆனா மெயில்ல அந்த வரியை எழுதினா ஃபைல் நகரும். அப்பவும் நகரலைன்னா ரிசர்வ் பேங்க்கோட குறைதீர்ப்பாளர், ஆம்புட்ஸ்மேன்னு சொல்வாங்க, அவர்கிட்ட புகாரை ஆன்லைன்லயே போடலாம், ஃபீஸ் கிடையாது, வக்கீல் வேண்டாம். பியூரோ மேலயும் அங்க புகார் கொடுக்கலாம்.

கேள்வி: 18,000 கட்டினா ஒரே வாரத்துல சிபில்ல எல்லாத்தையும் அழிச்சு தரேன்னு ஒருத்தர் சொல்றார். கட்டலாமா?

பதில்: வேண்டாம். உண்மையான பதிவை யாராலயும் அழிக்க முடியாது, தப்பான பதிவை நீங்களே காசில்லாம திருத்தலாம். அதோட ஓடிபி, பான், ஆதார் எல்லாம் அவர் கைக்கு போகும்.

கேள்வி: ஏழு வருஷம் ஆனா தானா போயிடும்னு சொல்றாங்களே அக்கா?

பதில்: குறைஞ்சது ஏழு வருஷம் வச்சிருக்கணும்னுதான் விதி, ஏழோட அழிக்கணும்னு இல்ல. ரிப்போர்ட்ல மாசாமாசம் கட்டின விவரம் கடைசி 36 மாசத்துக்கு தெரியும், அதனால பழைய லேட்டு எல்லாம் மெல்ல பின்னாடி போகும், "செட்டில்டு"ங்கற வார்த்தைதான் அப்படியே நிக்கும். இன்னொரு விஷயம், நீங்க ஏமாத்தின அதே பேங்க்ன்னு சொல்ல எனக்கு மனசு வரல, கஷ்டத்துல கட்ட முடியாம போன அந்த பேங்க், தன்னோட சொந்த ரெக்கார்டை எப்பவும் வச்சிருக்கும். செட்டில் பண்ணவங்களுக்கு குறைஞ்சது 12 மாசம் புது கடன் கொடுக்கக் கூடாதுன்னு ரிசர்வ் பேங்க் 2023 ஜூன்ல சொல்லியிருக்கு, விவசாயக் கடன் தவிர. அது குறைந்தபட்சம்தான், அவங்க பாலிசில இன்னும் நீட்டி வச்சிருக்கலாம். வேற பேங்க் போறதுதான் புத்தி.

கேள்வி: மேனேஜர் காரணமே சொல்லல. "சிஸ்டம் ரிஜெக்ட் பண்ணிடுச்சு"ன்னு மட்டும் சொன்னார். அதுக்கப்புறம் ஆறு ஆப்ல அப்ளை பண்ணேன், எல்லாத்துலயும் இல்லைன்னு வந்துடுச்சு.

பதில்: முதல்ல அப்ளை பண்றதை நிறுத்துங்க, ப்ளீஸ். ஒவ்வொரு அப்ளிகேஷனும் ரிப்போர்ட்ல என்கொயரியா பதிவாகும், கொஞ்ச நாள்ல ஆறு ஏழு என்கொயரி, லோன் ஒண்ணுகூட இல்லைன்னா பார்க்கறவருக்கு "இவர் காசுக்கு அல்லாடறார்"னுதான் தோணும். நீங்களே உங்க ஸ்கோரை பார்க்கறது இதுல சேராது, அதை எத்தனை தடவை வேணா பாருங்க. ஒரு ஆறு மாசம் சும்மா விடுங்க.

காரணம் கேட்கறது உங்க உரிமை. ரிஜெக்ட் பண்ணா முக்கிய காரணத்தை எழுத்துல சொல்லணும்னு ரிசர்வ் பேங்க் 2007லயே பேங்க்குகளுக்கு சொல்லியிருக்கு, கிரெடிட் கார்டு அப்ளிகேஷனுக்கும் சேர்த்து. வாயால கேட்காதீங்க, மெயில்ல கேளுங்க. பதில்ல "பியூரோ"ன்னு வந்தா ரிப்போர்ட்டை பாருங்க, "வருமானம்"னு வந்தா பிரச்சனையே வேற, சிபில் பின்னாடி ஓட வேண்டியதில்ல.

கேள்வி: என் கொழுந்தனார் லோனுக்கு ஜாமீன் கையெழுத்து போட்டேன். அவர் கட்டல. எனக்கு ஏன் லோன் தர மாட்டேங்கறாங்க?

பதில்: ஜாமீன் போட்டா அந்தக் கடன் உங்க ரிப்போர்ட்லயும் வரும்மா. அவர் நிறுத்தினா உங்க பேர்லயும் ஓவர்டியூ ஏறும். நீங்க தப்பு பண்ணல, ஆனா சட்டப்படி பொறுப்பு இருக்கு. பாக்கி எவ்வளவுன்னு பேங்க்ல எழுத்துல வாங்குங்க, வீட்டுல பெரியவங்களை வச்சு அவரை உட்கார வச்சு பேசுங்க, முடிஞ்சா செட்டில்மெண்ட் இல்லாம முழுசா முடிங்க. நீங்க கட்ட வேண்டி வந்தா உங்க அக்கவுண்ட்ல இருந்தே கட்டுங்க, அவர் கிட்ட திரும்பக் கேட்க அதுதான் ஆதாரம்.

கேள்வி: மேடம், எல்லா கடனும் அடைச்சு ரெண்டு வருஷம் ஆச்சு. ஆனா பேங்க் உள்ள போகவே கூச்சமா இருக்கு. எங்க ஆரம்பிக்கறது?

பதில்: கூச்சப்பட ஒண்ணுமில்ல சார். அடைச்சுட்டு வந்து நிக்கறீங்க, அது சாதாரண விஷயம் இல்ல, கட்ட முடியாம ஊரை விட்டுப் போனவங்களையும் பார்த்தவ சொல்றேன்.

ஒரு சின்ன ஃபிக்சட் டெபாசிட் போட்டு அது மேல கிரெடிட் கார்டு கேளுங்க. டெபாசிட் ஜாமீனா இருக்கறதால பழைய ரிப்போர்ட்டை பெரும்பாலும் பெரிசா பார்க்க மாட்டாங்க. கார்டு வந்ததும் லிமிட்ல முப்பது சதவீதத்துக்கு மேல போகாம, போன் பில் மாதிரி எப்படியும் கட்டற செலவுக்கு மட்டும் தேய்ச்சு, முழு பில்லையும் ஆட்டோ டெபிட்ல விடுங்க, பில்லுல கொஞ்சம் மட்டும் கட்டற "மினிமம் டியூ" பக்கமே போகாதீங்க. 2025 ஜனவரியில இருந்து பேங்க்குங்க குறைஞ்சது பதினைஞ்சு நாளைக்கு ஒரு தடவையாவது பியூரோவுக்கு தகவல் அனுப்பறாங்க, அதனால நல்லது சீக்கிரம் ஏறும், ஒரு நாள் மறந்து விட்டதும் அதே வேகத்துல ஏறும். ஒரு வருஷமாவது இப்படி ஓடட்டும், அப்புறம் சம்பளம் வர்ற பேங்க்லயே கேளுங்க, உங்க வரவு செலவு அவங்க கண்ணு முன்னாடி இருக்கும்.

கேள்வி: என் சிபில் மோசம், மனைவியோடது நல்லா இருக்கு. அவங்க பேர்ல மட்டும் ஹோம் லோன் போட்டா என் ரிப்போர்ட் இடிக்குமா?

பதில்: புருஷன் பொண்டாட்டின்னாலும் ரிப்போர்ட் தனித்தனிதான். அவங்க வருமானத்துக்கே லோன் வருதுன்னா தனியா போடட்டும். ஆனா வீட்டை உங்க பேரையும் சேர்த்து எழுதினா பேங்க் உங்களையும் கோ-அப்ளிகண்ட்டா, அதாவது கூட்டு விண்ணப்பதாரரா, கையெழுத்து கேட்கும், அப்ப உங்க ரிப்போர்ட்டும் திறக்கும். பத்திரம் யார் பேர்லங்கறதை அட்வான்ஸ் கொடுக்கறதுக்கு முன்னாடியே பேங்க்ல கேட்டு முடிவு பண்ணுங்க.