லாங்குவேஜ் லேப் மென்பொருள் வாங்கினால் பிள்ளைகள் ஆங்கிலம் பேசுவார்களா?

கேள்வி: எங்கள் ஆய்வகத்தில் 20 கணினிகள், வகுப்பில் 40 பேர். ஆங்கிலத்துக்கு வாரம் ஒரு பீரியட், 45 நிமிடம் கிடைக்கிறது. பிள்ளைகள் ஹெட்போன் மாட்டிக்கொண்டு பயிற்சிகளைச் செய்கிறார்கள். மதிப்பெண் ஏறுகிறது, பேச்சு மட்டும் வரவில்லை. ஒரு நிறுவனம் லாங்குவேஜ் லேப் மென்பொருள் (கணினியில் மொழிப் பயிற்சி தரும் மென்பொருள்) தருகிறேன் என்கிறது. வாங்கலாமா?

பதில்: இப்போது வேண்டாம். சரியான விடையைக் கிளிக் செய்ய வாயைத் திறக்கவே வேண்டியதில்லை. நான்கில் ஒன்றைக் குருட்டாம்போக்கில் தட்டினாலும் சராசரியாகக் கால்வாசி மதிப்பெண் வந்துவிடும். புது மென்பொருளிலும் பெரும்பாலும் இதே பயிற்சிகள்தான், வண்ணம் மட்டும் மாறும்.

ஒரு கணினிக்கு இருவர் என்பதைக் குறையாக நினைக்காதீர்கள். ஒருவர் திரையில் உள்ள படத்தைப் பார்த்து ஆங்கிலத்தில் விவரிக்கட்டும்; மற்றவர் திரைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, கேட்டதைத் தாளில் வரையட்டும். ஆறு நிமிடத்தில் வேறு படத்தோடு இடம் மாறச் சொல்லுங்கள். பிறகு ஆளுக்கு ஒரு நிமிடம் ஆடாசிட்டியில் பதிவு செய்யட்டும். அது ஒலிப்பதிவுக்கான இலவச மென்பொருள். பதிந்ததைக் கேட்டு, திருத்த வேண்டிய ஒரே ஓர் இடத்தைக் குறித்துக்கொண்டு, மறுபடி பதிய வேண்டும். முதல் பதிவை விட்டுவிட்டு இரண்டாவதை மட்டும் நீங்கள் கேட்டால் போதும்.

மைக் வாய்க்கு நேராக வேண்டாம், மூச்சு பட்டுப் படபடக்கும். உதட்டோரத்தில் இரண்டு விரல் தள்ளி வையுங்கள். அலைவரி மேல்விளிம்பை முட்டினால் ஒலி சிதறியிருக்கிறது என்று பொருள், பதிவு அளவைக் குறையுங்கள். மோனோவில் (ஒற்றை ஒலித்தடத்தில்) பதிந்தால், சுருக்காத ஒரு நிமிட வேவ் கோப்பு ஏறக்குறைய 5 எம்பி வரும். எம்பி3 ஆக்கினால் அதில் சிறு பங்கே வரும். அணைத்ததும் எல்லாவற்றையும் அழித்துவிடும்படி பல ஆய்வகக் கணினிகளைப் பூட்டி வைத்திருப்பார்கள். ஆகவே மணி அடிக்கும் முன்பே கோப்புகளைப் பொது ஃபோல்டருக்கு மாற்றிவிடுங்கள்.

"மைக் வேலை செய்யவில்லை" என்று வரும் புகார்களில் பல வெறும் பிளக் தகராறு. ஒலிக்கும் மைக்குக்கும் சேர்த்து வரும், மூன்று கோடுள்ள ஒற்றை பிளக்கைப் பழைய டெஸ்க்டாப்பின் பச்சைத் துளையில் செருகினால் ஒலி கேட்கும், மைக் கிடைக்காது. பிரிப்பான் கேபிள் போடுங்கள், அல்லது யூஎஸ்பி ஹெட்செட் வாங்குங்கள். விண்டோஸ் தனியுரிமை அமைப்பில் மைக் அனுமதி அணைந்திருக்கிறதா என்றும் பாருங்கள். அதை மாற்ற ஆய்வகக் கணினி அட்மின் பாஸ்வேர்டு கேட்கலாம். அது யாரிடம் இருக்கிறது என்று தேடுவதிலேயே பாதிப் பீரியட் போகும். ஆய்வுக்கு வருகிறவர்கள் கணினிகளை எண்ணிவிட்டுப் போகிறார்கள். பிள்ளைகள் எத்தனை நிமிடம் பேசினார்கள் என்று எழுத ஒரு பதிவேட்டிலும் கட்டமில்லை.

மேலே சொன்னது எல்லாப் பிள்ளைகளுக்கும் பொருந்தும், ஒரு பிரிவினரைத் தவிர. ஆங்கில எழுத்துகளே இன்னும் பழகாத பிள்ளைகளிடம் கீபோர்டைக் கொடுக்காதீர்கள். ஒரு சொல்லைத் தட்ட அவர்கள் எழுத்தெழுத்தாகத் தேடுவார்கள். அதற்குள் கேட்ட வாக்கியம் மறந்துவிடும். கடைசியில் விரல் பழகும், மொழி பழகாது. எழுத்துப்பிழைச் சிவப்புக்கோடு வேறு மிரட்டும். இவர்களுக்குக் கேட்டுப் படத்தை இழுத்து வைக்கும் வேலை, கேட்டதைத் திருப்பிச் சொல்லிப் பதியும் வேலை, இரண்டும் போதும். கோப்புக்குப் பெயரிடுவதைக்கூட நீங்களே செய்து வையுங்கள். வகுப்பில் கலந்து உட்கார்ந்திருந்தால், தட்டச்சு தெரிந்த பிள்ளையோடு ஜோடி சேர்க்க வேண்டாம். மவுஸ் அந்தக் கையிலேயே தங்கிவிடும்.

விற்பனையாளர் தன் மடிக்கணினியில் காட்டும் டெமோவை நம்பாதீர்கள். உங்கள் இணைப்பில் 20 கணினியிலும் ஒரே நேரத்தில் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். தலைக்கு ஓர் உரிமம் என்று 40 எழுதிக் கொடுப்பார்கள். ஒரே சமயத்தில் உட்காருவது 20 கணினிதானே, 20க்குக் கேளுங்கள். உச்சரிப்புக்கு 82 சதவீதம் என்று திரை காட்டினால், எந்த ஒலி பிசகியது என்று கேளுங்கள். பதில் இல்லையென்றால் அந்த எண்ணால் பயனில்லை. உரிமம் முடிந்தபின் பிள்ளைகளின் பதிவுகள் நமக்குக் கிடைக்குமா, ஹெட்செட் உடைந்தால் வெளியில் வாங்கி மாட்டலாமா என்பதை எழுத்தில் வாங்குங்கள். நிர்வாகம் கட்டாயம் வாங்கத்தான் வேண்டும் என்றால், ஓராண்டுக்கு மேல் கையெழுத்துப் போடாதீர்கள்.