வறிய மாணவருக்கான நிதி யாருக்கு?

கேள்வி: அமெரிக்காவில் என் பேரன் படிக்கும் பாடசாலைக்கு, வறிய மாணவருக்கென மத்திய அரசின் நிதி கிடைக்கிறதாம். அதை எல்லாப் பிள்ளைகளுக்கும் செலவிடலாமா?
– வாசகர், நல்லூர்

பதில்: 1965ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தின் முதலாம் பிரிவின்படி வழங்கப்படும் இந்நிதியை, மாணவரில் குறைந்தது 40 வீதமானோர் வறிய குடும்பத்தினராக உள்ள பாடசாலை, உரிய திட்டமொன்றை வகுத்த பின்னர், முழுப் பாடசாலையின் மேம்பாட்டுக்கும் பயன்படுத்தலாம். ஏனைய பாடசாலைகளில், பொதுவாக, கற்றலில் பின்தங்கியோரென இனங்காணப்பட்ட பிள்ளைகளுக்கே அது உரியது. எவ்வாறாயினும், மாநிலமும் உள்ளூர் நிர்வாகமும் தாமே வழங்கவேண்டிய பணத்தைக் குறைத்துவிட்டு, அந்த இடத்தை இதனால் நிரப்பக் கூடாது. இந்த விதியே, என் பார்வையில், முழு ஏற்பாட்டின் முதுகெலும்பு. 5 இலட்சம் டொலருக்கு மேற்பட்ட நிதியைப் பெறும் கல்வி மாவட்டம், அதில் குறைந்தது 1 வீதத்தைப் பெற்றோர் பங்கேற்புக்கென ஒதுக்கவேண்டும் என்பதோடு, அத்தொகை செலவாகும் விதத்தைத் தீர்மானிப்பதில் பெற்றோரையும் சேர்த்துக்கொள்ளவேண்டும் என்பதால், உங்கள் பிள்ளைகள் பாடசாலையில் விபரம் கேட்கத் தயங்கவேண்டியதில்லை.