ஒளியை நம்பி டி.என்.ஏ.வை அளக்கலாமா? கோலாலம்பூருக்கு வரும் தம்பிக்கு

அன்புள்ள தம்பி,

மதுரையில் கதிரியக்கப் பாஸ்பரஸ்-32 கொண்டு டி.என்.ஏ. பட்டைகளைக் கண்டறிந்து பழகிய நீங்கள், கோலாலம்பூரில் சேரவிருக்கும் ஆய்வகத்தில் வேதி ஒளிர்வு முறை (வேதிவினையில் எழும் ஒளியைக் கொண்டு பட்டைகளைக் காண்பது) மட்டுமே உண்டென்று அறிந்து, அதன் அளவீட்டை நம்பலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாக நம்பலாம், ஆனால் ஒளியை எந்த நேரத்தில் அளக்கிறோம் என்பதில் மிகுந்த கவனம் வேண்டும்.

மலேசியாவிலும் கதிரியக்கப் பொருளைக் கையாள 1984ஆம் ஆண்டின் அணுசக்தி உரிமச் சட்டப்படி உரிமம் வேண்டும். பாஸ்பரஸ்-32இன் அரை ஆயுளோ 14.3 நாள்தான். டிஜாக்சிஜெனின் என்னும் மூலக்கூறால் குறியிட்ட புரோபை (தேடும் டி.என்.ஏ.வோடு சேர்ந்து ஒட்டும் துண்டை) உறைநிலையில் நெடுநாள் வைத்திருந்து பயன்படுத்தலாம். டிஜாக்சிஜெனின் டிஜிட்டாலிஸ் செடியிலிருந்து கிடைப்பது. இன்னொரு குறியான பயோட்டினைப் போல எல்லா உயிரணுக்களிலும் இருப்பதில்லை என்பதால் தேவையற்ற பின்னணி ஒளி குறைவு. நான் எப்போதும் இதையே விரும்புவேன்.

புரோபைப் பற்றும் எதிர்ப்பொருளோடு இணைந்த ஆல்கலைன் பாஸ்பட்டேஸ் நொதி, ஒளிரும் வினைப்பொருளான டையாக்சிடேன் மூலக்கூறிலிருந்து பாஸ்பேட்டை வெட்டியதும், எஞ்சிய நிலையற்ற பகுதி பிளந்து ஒளியை உமிழும். டி.என்.ஏ. பட்டைகளைப் பதித்த நைலான் சவ்வில் இந்த ஒளி மெல்ல ஏறி, பிறகு மணிக்கணக்கில் ஏறக்குறைய ஒரே அளவில் நிற்கும். ஆகவே ஒரு சவ்வை ஏறுமுகத்திலும் இன்னொன்றை நிலைத்த பிறகும் படமெடுத்து ஒப்பிட்டால், அந்த எண்களுக்குப் பொருளே இல்லை. நொதியின் வேகம் வெப்பநிலையைப் பொறுத்தது; குளிரூட்டி நின்றால் அறை விரைவில் சூடாகிவிடும் ஊர் இது என்பதையும் மறக்க வேண்டாம். அளவு தெரிந்த டி.என்.ஏ.வைப் படிப்படியாக நீர்த்து, அதே சவ்வில் உங்கள் மாதிரிகளுக்குப் பக்கத்திலேயே வைத்தால்தான் ஒளியை அளவாக மாற்ற முடியும். ஒளியைப் பதிவுசெய்யச் சவ்வின் மேல் வைக்கும் ஃபிலிம் சீக்கிரமே முழுக்கக் கறுத்து, அடர்ந்த பட்டைகளுக்கிடையிலான வேறுபாட்டை மறைத்துவிடும். அளப்பதற்குக் குளிர்விக்கப்பட்ட கேமராவையே கேளுங்கள்.

பழைய கைப்பழக்கங்கள் இரண்டை விட்டுவிட வேண்டும். பாஸ்பேட் பஃபர் (அமில-கார நிலையை மாறாமல் காக்கும் கரைசல்) இந்த நொதியைத் தடுக்கும் என்பதால், சவ்வை மலேயிக் (maleic) அமிலப் பஃபரில் கழுவுங்கள். சவ்வை வெறுங்கையால் தொடவே கூடாது. தொட்ட இடம் ஃபிலிமில் கறுப்புக் கறையாக விழும். ஓரத்தை இடுக்கியால் பிடித்தே தூக்குங்கள்.

ஒளிரும் வினைப்பொருள் வெளிநாட்டிலிருந்து வர வேண்டியிருந்தால் வாரக்கணக்கில் தாமதமாகலாம். நோன்புப் பெருநாள் விடுமுறைக்கு முன்பே கேட்டு வாங்கி, குளிர்பெட்டியில் வெளிச்சம் படாமல் வைத்துவிடுங்கள்.