விரலில் குறையா, கிட்டாரில் குறையா?

கேள்வி: ஃபிங்கர்ஸ்டைல் (விரல்களாலேயே கம்பிகளை மீட்டும் முறை) கற்க ஆசைப்பட்ட மகளுக்கு இணையத்தில் 4,000 ரூபாய்க்குக் கிட்டார் வாங்கினேன். இரண்டு மாதமாகியும் விரல் வலி என்று அழுகிறாள். போகப் போகப் பழகிவிடும் என்கிறார்கள். உண்மையா?
– ஒரு தாய், மாட்டுங்கா

பதில்: முதல் சில வாரங்கள் விரல்நுனி எரிவது இயல்பு. இரண்டு மாதத்துக்குப் பிறகும் அழுகிறாள் என்றால் முதலில் கிட்டாரைச் சந்தேகப்படுங்கள். கிட்டாரின் கழுத்தில் குறுக்கே பதித்த உலோகக் கம்பிகளுக்கு ஃப்ரெட் என்று பெயர்; 12ஆவது ஃப்ரெட்டின் மேல் ஒரு ஸ்கேலை நிறுத்தி, தடித்த ஆறாவது கம்பி எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்று அளந்து பாருங்கள். இரண்டரை மில்லிமீட்டர் என்றால் சரி. நான்கை எட்டினால் பெரியவர்கள் கையே ஓய்ந்துவிடும்.

இந்த விஷயத்தில் எனக்கு ஆறாத கோபம் உண்டு. கம்பி தாழ்ந்திருந்தால் ஃப்ரெட்டில் உரசி இரையும், புகார் வரும். உயர்ந்திருந்தால் புகார் வராது. பழகுபவர் தன் விரலையே நொந்துகொள்வார். அதனால் சரிசெய்யாமலே விற்கிறார்கள். என் மகனுக்கு வாங்கிய கிட்டாரும் அப்படித்தான் வந்தது. தனக்கு இசை வராது என்று அவன் ஒதுங்கிவிட்டான். குறை கருவியில் என்று அந்த வயதில் அவனுக்குத் தெரியாது, விற்றவருக்குத் தெரியும். ஃபிங்கர்ஸ்டைலில் ஒவ்வொரு கம்பியும் தனித்தனியே ஒலிக்க வேண்டும். சரியாக அழுந்தாத கம்பி உடனே காட்டிக்கொடுத்துவிடும்.

கிட்டார் பழுது பார்ப்பவரிடம் கொடுங்கள். பிரிட்ஜில், அதாவது மேல்பலகையில் கம்பிகளைப் பிணைக்கும் கட்டையில், கம்பிகளைத் தாங்கும் மெல்லிய துண்டை ராவி உயரத்தைக் குறைப்பார். மெல்லிய கம்பியும் மாட்டச் சொல்லுங்கள். மும்பை மழைக்காலத்தில் மரம் ஈரம் குடித்து உப்பும், கம்பியும் உயரும். ஜூனில் மீண்டும் அளந்து பாருங்கள்.

கேள்வி: நைலான் கம்பிக் கிட்டாரில் ஸ்டீல் கம்பி மாட்டலாமா?
– செம்பூர் வாசகர்

பதில்: கூடாது. இழுவை தாங்காமல் பிரிட்ஜ் பிய்ந்துவிடும்.

கேள்வி: மேல்பலகை ஒற்றை மரம் என்று 18,000 ரூபாய் வாங்கினார்கள். பிளைவுட் என்று இப்போது தெரிகிறது. ஜிஎஸ்டி மிச்சமாகும் என்றதால் பில் வாங்கவில்லை.
– முலுண்ட் வாசகர்

பதில்: வரியை மிச்சம் பிடிக்கப் போய்ச் சாட்சியத்தை விட்டுக்கொடுத்திருக்கிறீர்கள். பில் கேட்டு வாங்குங்கள் என்று எத்தனை முறை எழுதுவது? ஒலித்துளையின் விளிம்பைப் பார்த்திருந்தாலே போதும். ஒற்றைப் பலகையில் மரத்தின் ரேகை மேலிருந்து கீழே தொடர்ந்து ஓடும். பிளைவுட்டில் அடுக்குகள் தெரியும். பணம் அனுப்பிய பதிவும் கடைக்காரரின் வாட்ஸ்அப் செய்தியும் இருந்தால் அழிக்காமல் வையுங்கள்.

கேள்வி: தையல் வேலையில் சேமித்து 6,500 ரூபாய்க்குக் கிட்டார் வாங்கினேன். ஒன்பதாம் நாள் பிரிட்ஜ் பெயர்ந்தது. 'விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது' என்று பில்லில் இருப்பதைக் காட்டி அனுப்பிவிட்டார்கள்.
– தாராவி வாசகர்

பதில்: அந்த வரியைக் கண்டு பின்வாங்காதீர்கள், தம்பி. பில்லில் காலக்கெடு எதுவும் இல்லையென்றால், குறையுள்ள பொருளை 30 நாட்களுக்குள் திரும்பப் பெற்றுப் பணம் தர மறுப்பது, 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம். பெயர்ந்த இடத்தைப் படமெடுத்து, கடைக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். பிறகு 1915 என்ற எண்ணில் தேசிய நுகர்வோர் உதவி மையத்தை அழையுங்கள். அதற்கும் மசியவில்லை என்றால் வழக்குத் தொடர மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணமே கிடையாது; வழக்கறிஞர் இல்லாமல் நீங்களே வாதாடலாம். விடாதீர்கள். என்ன ஆயிற்று என்று எனக்கும் எழுதுங்கள்.

கேள்வி: ஒரு வருடக் கட்டணத்தை மொத்தமாகக் கட்டினால் ஆன்லைன் கிட்டார் வகுப்பில் தள்ளுபடி தருகிறார்கள். கட்டலாமா?
– சயான் வாசகி

பதில்: வேண்டாம். ஒரு மாதத்துக்கு மட்டும் கட்டுங்கள். கட்டைவிரல் தடித்த மூன்று கம்பிகளுக்கு, அடுத்த மூன்று விரல்கள் மெல்லிய மூன்றுக்கு: இந்த வலக்கைப் பழக்கத்தை ஆசிரியர் பார்த்துத் திருத்துகிறாரா என்று கவனியுங்கள். திருத்தாதவருக்கு இரண்டாம் மாதக் கட்டணம் தேவையில்லை.